ஆர்கானிக் கறி: பேரை நம்பாதீங்க, பரிசோதிச்சது யாருன்னு கேளுங்க

1/ வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஆரணிக்காரங்க அடிக்கடி கேட்கிற கேள்வி: "டாக்டர், இங்க நம்பி வாங்குற மாதிரி ஆர்கானிக் கறி எது? பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே, பிள்ளைக்குக் கொடுக்கவே பயமா இருக்கு." எல்லாருக்கும் சேர்த்து ஒரே இழையா எழுதிடறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்.

2/ முதல்ல அந்த ஊசிக் கதை. பல்லாயிரம் கோழி இருக்கிற பண்ணையில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட யாருக்குக் கட்டுப்படியாகும்? தீவனத்தில் கலந்தாலும் பிரயோஜனமில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், வயிற்றிலேயே செரித்துவிடும். பிராய்லர் ஆறு வாரத்தில் வளர்வதற்குக் காரணம் இனத்தேர்வும் தீவனமும். அமெரிக்காவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்கச் சட்டத்திலேயே அனுமதி கிடையாது. அப்படியிருக்க "ஹார்மோன் இல்லாத கோழி"ன்னு கூடுதல் விலை வைத்தால், அது பயத்துக்கு வாங்குற காசு.

3/ நிஜமா பயப்பட வேண்டியது ஆன்டிபயாடிக். கோலிஸ்டின்னு ஒரு மருந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதுவும் கேட்காதபோது நாங்க கடைசியா கையில் எடுப்பது. அதைத்தான் கோழி சீக்கிரம் எடை போடணும்னு தீவனத்தில் கலந்தார்கள். உணவுக்கு வளர்க்கும் உயிரினங்களுக்கு அதைக் கொடுக்க இந்தியா தடை போட்டது 2019 ஜூலையில். ஐரோப்பிய ஒன்றியத்திலோ வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதே 2006 ஜனவரி 1 முதல் கூடாது. இந்தத் தடை ஆர்கானிக் கோழிக்கு மட்டுமல்ல, அங்கே வளரும் எல்லாக் கோழிக்கும்தான்.

4/ "ஆர்கானிக்னா மருந்தே படாதது" என்பதும் முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் ஆன்டிபயாடிக் கொடுத்த பிராணியை ஆர்கானிக்னு விற்க முடியாது. ஐரோப்பாவில் நோய் வந்தால் குறிப்பிட்ட முறை வரை கொடுக்கலாம், ஆனால் அதன்பின் இரண்டு மடங்கு நாள் காத்திருந்துதான் அறுக்கணும். ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விற்பனைக்கு அந்தச் சொல்லைப் போட சான்றிதழே கட்டாயமில்லை. சொல் ஒன்றுதான், ஊருக்கு ஊர் பொருள் வேறு.

5/ "நேச்சுரல்" அதைவிட மோசம். அமெரிக்க விதிப்படி, செயற்கைப் பொருள் சேர்க்கலை, அதிகமா பதப்படுத்தலைன்னு மட்டும்தான் அதற்கு அர்த்தம். அந்தக் கோழி எப்படி வளர்ந்தது, என்ன தின்றது என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

6/ ஹலாலும் ஆர்கானிக்கும் சேர்த்துத் தேடுற நண்பர்களுக்கு: இரண்டும் வேறு வேறு விஷயம். ஹலால் அறுக்கும் முறையைச் சொல்கிறது, ஆர்கானிக் வளர்த்த முறையைச் சொல்கிறது. மயக்காமல் அறுத்த இறைச்சியில் ஐரோப்பிய ஆர்கானிக் முத்திரை போடக் கூடாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பே சொல்லியிருக்கு. அங்கே அப்படி அறுத்த கறியில் இந்த முத்திரையும் இருந்தால், கடைக்காரரிடம் கட்டாயம் கேள்வி கேளுங்க.

7/ பட்டு நெய்யுற ஊர்க்காரங்களுக்கு இது புரியாதா என்ன? "சுத்தப் பட்டு"ன்னு போர்டு எழுத யாராலும் முடியும். நாம நூலைக் கொளுத்திப் பார்ப்போம், முடி கருகும் வாசனை வருதான்னு. 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரை இருக்கான்னு பார்ப்போம். கறிக்கு வீட்டில் அந்தக் கொளுத்துற சோதனை கிடையாது. ஆன்டிபயாடிக் மிச்சம் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அதனால் சான்று கொடுத்தது யார்னு தேடுவதுதான் ஒரே வழி.

8/ பாக்கெட்டில் பாருங்க. அமெரிக்காவில் சான்றளித்த அமைப்பின் பெயர் இருக்கணும். ஐரோப்பாவில் பச்சை இலை முத்திரையோடு ஒரு குறியீட்டு எண் இருக்கணும். அதை இணையத்தில் தேடி, உண்மைதானான்னு பாருங்க. எதுவுமில்லாமல் "எங்க பண்ணை, நம்பி வாங்குங்க"ன்னா, அது கடைக்காரர் வாய்வார்த்தை.

9/ ஆர்கானிக் வாங்க வசதி இல்லையா? குற்ற உணர்ச்சி வேண்டாம். முறையா பரிசோதித்த சாதாரணக் கறியை வாங்கி ஒழுங்கா சமைங்க. சால்மோனெல்லா, காம்பைலோபாக்டர் கிருமிகள் ஆர்கானிக் கோழியிலும் இருக்கும். கோழியின் உள்பகுதி வரை 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறணும். குழாயடியில் அலசினால் கிருமி சிங்க் முழுக்கத் தெறிக்கும். மஞ்சள் தூள் அதைக் கொல்லாது.

10/ இப்போ ஊர்ப் பக்கம். லீவுக்கு வந்ததும் "இங்கதான் சுத்தமான நாட்டுக்கோழி"ன்னு பெருமூச்சு விடுறீங்களே! கடையில் நாட்டுக்கோழி என்று விற்பதில் நிறைய, பண்ணையில் அடைத்து வளர்த்த கலப்பினம். அது என்ன தின்றது, என்ன மருந்து போட்டார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது உண்டா?

11/ 2021 செப்டம்பரில் இதே ஆரணியில் ஓர் அசைவ உணவகத்தில் சாப்பிட்ட பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 10 வயதுப் பெண் குழந்தை இறந்தே போனாள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி. ஒவ்வொரு முறையும் சில நாள் ரெய்டு, அப்புறம் மறதி. அந்தக் கறி ஆர்கானிக்கான்னு யாரும் கேட்கலை. கேட்டிருக்க வேண்டியது வேற: எப்போ அறுத்தது, எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது, உள்ளே வெந்ததா?

12/ சட்டம் இல்லையா? இருக்கு. அறுப்பதற்கு முன்பும் பின்பும் கால்நடை மருத்துவர் பரிசோதிக்கணும்னு உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011-லேயே சொல்கின்றன. ஏற்றுமதிக்கு அதைக் கறாரா செய்கிறோம். வளைகுடாவுக்கு விமானத்தில் போகும் நம்ம ஆட்டிறைச்சி, பதிவு பெற்ற கூடத்தில் மருத்துவர் பார்த்த பிறகே கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை நம்ம தெருவில் தொங்கும் ஆட்டை எந்த மருத்துவர் பார்த்தார்? அயல்நாட்டான் வயிற்றுக்கு ஒரு நியாயம், தறிக்காரர் பிள்ளை வயிற்றுக்கு ஒரு நியாயமா?

13/ அதனால் வெளிநாட்டுச் சொந்தங்களே, அங்கே பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கிற அந்தக் கண்டிப்பை ஊருக்கும் கொண்டு வாங்க. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை அனுப்பும்போது நகராட்சிக்கும் ஒரு மனு போடுங்க: முத்திரை இல்லாத கறி விற்கக் கூடாது, அறுக்கும் இடத்தில் மருத்துவர் இருக்கணும், கடையில் குளிர்பெட்டி இருக்கணும். உள்ளூர்க்காரங்க கடையில் நின்று "முத்திரை எங்கே அண்ணா?"ன்னு கேளுங்க. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு முத்திரையோடு கறி கிடைக்கும்.