பனி பெய்யலையா? மெஷின் வாங்கு!

ஜனவரி வந்தால் போதும், இங்கே டெல்லியில் இந்தி சேனல்களுக்கு ஒரு நிரந்தரச் செய்தி உண்டு. ஔலியில் பனி இல்லை, குல்மார்கில் பனி இல்லை, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம். 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் காய்ந்த புல்லாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு, பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. செய்தி முடிந்ததும் கோட்டு போட்ட ஒரு நிபுணர் வருவார். கையில் தீர்வு தயார்: செயற்கைப் பனி மெஷின், இன்னும் பெரிய ரோப்வே, தனியார் முதலீடு.

இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"உனக்கு ஏன் சார் இந்த வேலை, நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். டெல்லி, நொய்டா, குர்காவ்ன் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேர் பிள்ளைகளுக்குப் பனி காட்ட வண்டி கட்டிக்கொண்டு போவது இந்த மலைகளுக்குத்தான். அங்கே செலவழிகிற காசு நம்முடையது. ஆகவே பேசலாம்.

முதலில் மெஷின் கதை. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக ஔலியில் பனி மெஷின்கள் வந்தாயிற்று. பிறகு என்ன ஆனது? 2023 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த தேசியப் போட்டி, பனி இல்லை என்று ரத்தானது. மெஷின் என்பது மந்திரப் பெட்டி அல்ல. காற்று ஈரமில்லாமல், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி இறங்கினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஒரு ஹெக்டேர் சரிவில் 30 செ.மீ. பனி போட ஏறக்குறைய 10 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். பனி பெய்யாததற்குக் காரணமே குளிர் குறைந்து வருவதும், மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஏமாற்றுவதும்தான். அதே குளிரையும் தண்ணீரையும் நம்பி மெஷின் வாங்குவது, கிணறு வற்றிய ஊரில் இன்னொரு பம்ப் செட் வாங்குவது மாதிரி.

அதுவும் எந்த மலையில்? ஔலிக்குக் கீழே இருப்பது ஜோஷிமட். அந்த ஊர் பழைய நிலச்சரிவு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டுமானம் வேண்டாம் என்று மிஸ்ரா கமிட்டி சொன்னது 1976-ல். 2023 ஜனவரியில் வீடுகள் பிளந்து மக்கள் தெருவுக்கு வந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த மலையில் இன்னும் பெரிய ரோப்வேயாம்!

சரி, உலகத்தில் வேறு யாருக்கும் பனி பொய்க்கவில்லையா? பொய்க்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி மலைகளைப் பாருங்கள். கிரெய்கிபர்ன், புரோக்கன் ரிவர், மவுண்ட் ஒலிம்பஸ், டெம்பிள் பேசின் என்று வரிசையாகச் சின்னச் சின்னப் பனிச்சறுக்குத் தளங்கள். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்புகள். மேலே ஏற ரோப்வே எல்லாம் இல்லை. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கயிறு. இடுப்புப் பட்டையில் தொங்கும் பாக்குவெட்டி மாதிரியான இரும்புப் பிடியால் அதைக் கவ்வினால் இழுத்துக்கொண்டு போகும். டெம்பிள் பேசினில் மூட்டைக்குத்தான் லிப்ட், மனிதன் மலையேறித்தான் போக வேண்டும். கோடையில் உறுப்பினர்களே வந்து கம்பம் நடுவார்கள், கூரைக்குப் பெயின்ட் அடிப்பார்கள். நம்மூர் குடிமராமத்து ஞாபகம் வருகிறதா? அதேதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். பனி பெய்யாத வருடத்தில் இந்தக் கிளப்புக்கு என்ன நஷ்டம்? வட்டி கட்டப் பெரிய கடன் இல்லை. சம்பள ஆட்கள் கொஞ்சம்தான். உறுப்பினர் சந்தா பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும். பல தளங்களுக்கும் சேர்த்து ஒரே சீசன் பாஸ் விற்கிறார்கள். ஒரு மலை ஏமாற்றினால் பக்கத்து மலைக்குப் போகலாம். ஆக, வானிலையோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஒரு மோசமான வருடத்தைத் தாங்குகிற அளவுக்குச் செலவைச் சின்னதாக வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

'பொதுச் சொத்து என்றாலே உருப்படாது' என்று சொல்கிற நண்பர்கள் இந்த இடத்தில் ருவாபேஹு எரிமலையைக் காட்டுவார்கள். நல்ல உதாரணம்தான், ஆனால் அது என் கட்சிக்கு! அங்கே இரண்டு பெரிய தளங்களை நடத்திய அமைப்பும் லாப நோக்கமில்லாததுதான். ஆனால் 2019-ல் சுமார் 2.5 கோடி நியூசிலாந்து டாலர் செலவில் ஒரு கோண்டோலா கட்டியது. பிறகு கொரோனா. பிறகு 2022-ல் பனியே சரியாக இல்லாத சீசன். அந்த அக்டோபரில் கடனில் மூழ்கி நிர்வாகிகள் கைக்குப் போனது. 'மக்கள் சொத்து' என்று போர்டு மாட்டினால் போதாது. மக்கள் தாங்கக்கூடிய அளவிலும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் உண்டு. வெர்மான்டில் மேட் ரிவர் கிளென் தளத்தை 1995-ல் அங்கே சறுக்குபவர்களே கூட்டுறவாக வாங்கினார்கள். இன்றைக்கும் பெரும்பாலும் இயற்கைப் பனிதான். ஒரேகானில் ஊர்மக்கள் பணம் திரட்டிக் காப்பாற்றிய மவுண்ட் ஆஷ்லண்ட் 2013-14-ல் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. இழுத்து மூடிவிட்டார்களா? இல்லை, பிறகு மீண்டும் ஓடியது. சொந்தக்காரன் ஊர்க்காரன் என்றால் ஒரு வருடம் காத்திருப்பான். முதலீட்டாளன் காத்திருப்பானா?

'அது வசதியான வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, கட்வால் கிராமத்தானுக்கு வயிற்றுப்பாடு' என்பது அடுத்த வாதம். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அவன் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். இன்றைக்கு ஔலி சரிவை நடத்துவது டேராடூனில் இருக்கும் அரசு நிறுவனம். பனி பெய்தால் வருமானம் அங்கே போகும். பெய்யாவிட்டால் சும்மா உட்காருவது சறுக்கக் கற்றுத்தரும் உள்ளூர்ப் பையனும் மேகி கடைக்காரரும். அந்த மக்களுக்கு நடத்தத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். உத்தராகண்டில் வன பஞ்சாயத்துகள் 1931 முதல் காடுகளைப் பார்த்துக்கொள்கின்றன. 1974-ல் கௌரா தேவியும் பெண்களும் மரத்தைக் காத்த ரேணி கிராமம் ஜோஷிமட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காட்டை நடத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு சரிவை நடத்தத் தெரியாதா?

சரிவை உள்ளூர்க் கூட்டுறவிடம் கொடுங்கள். நல்ல வருட வருமானத்தில் ஒரு பங்கைக் கெட்ட வருடத்துக்கு எடுத்து வைக்கட்டும். பனி இல்லாத மாதங்களில் கோர்சன் புல்வெளிக்கு நடைப்பயணம் கூட்டிப் போகட்டும். மெஷினுக்கு ஆகும் காசில் இதற்கெல்லாம் தாராளமாக வழி உண்டு.

நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஔலி போகும்போது கிராமத்து வீட்டில் தங்குங்கள். கூலியை நேராகச் சொல்லிக்கொடுக்கும் பையன் கையில் கொடுங்கள். பனி இல்லையென்றால் அவனிடம் சண்டை போடாதீர்கள். வானத்தை அவனா பூட்டி வைத்திருக்கிறான்?