ஒருவன் தலையில் தங்கிய அறிவு



சென்ற ஆண்டு, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஒரு பள்ளியின் அறிவியற் கண்காட்சிக்கு நாம் சென்றிருந்தோம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் உழைப்போரின் பிள்ளைகளும், பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடுவோரின் பிள்ளைகளும் பயிலும் பள்ளி அது. அங்கே ஐந்து மாணாக்கர் கூடிச் செய்த தானியங்கி வண்டி ஒன்றைக் காணப் பெருங்கூட்டம் நின்றது. வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்புப் பட்டையைப் பின்பற்றி அவ்வண்டி தானே செல்ல வேண்டும். வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்பும். கருமை அதனை விழுங்கிவிடும். வண்டியின் அடியிலுள்ள இரு உணரிகள் இவ்வேறுபாட்டை உணர்த்த, அதற்கேற்ப இடச்சக்கரமோ வலச்சக்கரமோ நின்று, வண்டி வழி தவறாது செல்லும்.

விசையை அழுத்தினர். வண்டியோ நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுழன்றது. மின்கம்பி ஒன்று கழன்றிருந்தது. அஃது எந்தத் துளைக்கு உரியது என்று அறிந்தவன் ஒருவனே. அவன் காய்ச்சலால் வீட்டில் படுத்திருந்தான். மற்ற நால்வரும் தலைகுனிந்து நின்றனர். அவர்களுள் ஒரு சிறுமியை நோக்கி, "உனக்குத் தெரியாதா, அம்மா?" என்று வினவினோம். "என் கையெழுத்து நன்றாயிருக்கிறதாம், சாமி. அட்டையில் எழுத மட்டுந்தான் என்னை வைத்துக்கொண்டார்கள்" என்றாள். அவள் கண்களில் நீர் தளும்பிற்று.

அன்றிரவு நம் உள்ளத்தை உறுத்தியது கழன்ற கம்பியன்று, அச்சிறுமியின் விடையே. பெயரளவில் ஐவர் குழு. உண்மையில் உழைத்தவன் ஒருவன், பார்த்திருந்தவர் நால்வர்.

இத்துறையில் தேர்ந்த மாணவர் குழுக்கள் எவ்வாறு இயங்குகின்றன? அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பு, 1992இல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்துப் பள்ளியொன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 குழுக்களைக் கொண்டு தன் முதற்போட்டியை நடத்திற்று. இத்தகைய போட்டிகளில் பங்குபெறும் குழுக்கள் வேலையைப் பகுத்துக்கொள்கின்றன. சட்டமும் சக்கரமும் அமைப்போர் சிலர். மின்னிணைப்புச் செய்வோர் சிலர். கணினிக் கட்டளை எழுதுவோர் சிலர். வரவு செலவு பார்ப்போர் சிலர். இவர்களை ஒன்றாய்ப் பிணைப்பது ஒரு குறிப்பேடு. இன்று யார் எதைச் செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்பதை நாள்தோறும் அதில் எழுதிவைப்பர். தோல்வியை எழுதுவதற்கும் அதில் இடமுண்டு. மேலும், அப்போட்டியில் மூன்று குழுக்கள் ஓரணியாய் மற்ற மூன்றை எதிர்க்கும். ஓர் ஆட்டத்தில் எதிரியாய் நின்றவர் அடுத்த ஆட்டத்தில் துணைவராய் வரக்கூடும். ஆதலின் பிறர்க்கு உதவுவது அங்கே இழப்பாகாது.

கடல் கடந்துதான் இதற்குச் சான்று தேட வேண்டுமென்பதில்லை. நம் நாட்டின் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர், 75 சிறு கருவிகளை இணைத்து 'ஆசாதிசாட்' என்னும் துணைக்கோளை உருவாக்குவதில் பங்குகொண்டனர். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு மகளிர் மேனிலைப் பள்ளி மாணவியரும் அவர்களுள் அடங்குவர். 2022 ஆகஸ்ட் 7ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது ஏவப்பட்டது. ஏவுகலத்தில் நேர்ந்த கோளாற்றால் உரிய சுற்றுப்பாதையை எட்டாமலே அழிந்தது. ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை. 2023 பிப்ரவரி 10ஆம் நாள் 'ஆசாதிசாட்-2' வெற்றியுடன் சுற்றுப்பாதையில் வைக்கப்பட்டது. பலர் கை பட்ட பணிக்கு மீண்டும் எழும் வலிமையுண்டு.

இவற்றையெல்லாம் அப்பள்ளி ஆசிரியரிடம் எடுத்துரைத்து, ஒவ்வொரு வேலையையும் இருவரேனும் அறிந்திருக்கட்டும், செய்தவை யாவும் ஒரு குறிப்பேட்டில் ஏறட்டும் என்று வேண்டினோம். காய்ச்சலில் கிடந்த மாணவனின் தந்தையோ நம்மிடம் வந்து, "என் மகன் இரவெல்லாம் விழித்துக் கண்டதை ஏன் மற்றவர்க்குச் சும்மா கொடுக்க வேண்டும், சாமி?" என்று கேட்டார். நேர்மையான கேள்விதான். மதிப்பெண்ணுக்கு மதிப்பெண் போட்டியிடும் காலத்தில் எந்தத் தகப்பனுக்கும் எழும் கேள்வி. "ஐயா, அன்று உம் மகன் படுக்கையில் நிம்மதியாய்க் கிடந்தானா?" என்று திருப்பிக் கேட்டோம். "இல்லை, வண்டி ஓடிற்றா, வண்டி ஓடிற்றா என்று பிதற்றிக்கொண்டே இருந்தான்" என்றார். "தன் சுமையில் பாதியைத் தாங்க ஒருவரை அவன் பழக்கியிருந்தால் உறங்கியிருப்பான் அல்லவா?" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை.

இவ்வாண்டும் கண்காட்சி நடந்தது. இம்முறையும் ஒரு கம்பி கழன்றது. அச்சிறுமி குறிப்பேட்டைப் புரட்டினாள். படம் வரைந்திருந்த பக்கத்தைக் கண்டாள். கம்பியை உரிய துளையில் செருகினாள். வண்டி ஓடிற்று. பக்கத்தில் நின்ற அம்மாணவன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். பரிசு வேறு பள்ளிக்குத்தான் சென்றது. அதைப் பற்றி அவ்வைவருள் எவரும் பெரிதாய் வருந்தியதாய் நமக்குத் தோன்றவில்லை.

நம் திருவிழாத் தேரை எண்ணிப் பாருங்கள். வடம் பிடிப்போர் பலர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோர் சிலர். அக்கலை அறிந்த முதியவர் இளைஞர் ஒருவருக்கேனும் அதனைக் கற்பிக்காமல் கண்மூடினால், அடுத்த ஆண்டு தேர் தெருமுனையில் நின்றுவிடும்.

பெற்றோரே, பள்ளியினின்று திரும்பும் பிள்ளையிடம், "என்ன பரிசு வாங்கினாய்?" என்று கேட்பதோடு அமையாதீர்கள். "இன்று யாரிடம் கற்றாய்? யாருக்குக் கற்பித்தாய்?" என்றும் கேளுங்கள். உங்கள் மகள் ஒரு குழுவில் சேர்ந்திருந்தால், அவள் கையில் வண்ணப் பேனா மட்டுமா, திருப்புளியும் உண்டா என்றும் கேட்டறியுங்கள்.