மறைத்து வைத்த பெயர்

தம் மூளையால் ஆக்கிய பொருளில் தம் பெயரைப் பொறிக்க ஒருவர் திருடனைப்போல் மறைந்து செயல்பட வேண்டுமா? வேண்டியிருந்தது, செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில்!

கலிபோர்னியாவில் அட்டாரி என்றொரு கம்பெனி. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம்களை விற்றுக் கோடி கோடியாகக் குவித்தது. 1970-களின் இறுதியில் அங்கே ஓர் ஆட்டத்தை ஆக்க ஓர் ஆள்தான். கற்பனை அவர், படம் அவர், ஓசை அவர், கணிப்பொறிக்கு இடும் கட்டளை அத்தனையும் அவர். எல்லாவற்றையும் கேட்ரிட்ஜ் எனும் சின்னஞ்சிறு பெட்டியில், 4 கிலோபைட்டுக்குள் அடக்கவேண்டும். இந்தத் தலையங்கத்தைக் கணிப்பொறியில் ஏற்றினால் இதற்கே அந்த இடம் போதாது!

அப்படி 'அட்வெஞ்சர்' எனும் ஆட்டத்தை ஆக்கியவர் வாரன் ராபினெட். பத்து லட்சம் விற்ற ஆட்டம்; விலை 25 டாலர். அவருக்குக் கிடைத்ததோ ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டாலர் சம்பளம். இலாபத்தில் பங்கு இல்லை. அட்டையில் பெயரும் இல்லை. என்ன செய்தார்? ஆட்டத்துக்குள்ளே ஓர் இரகசிய அறை கட்டினார். கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைப் புள்ளியைத் தேடி எடுத்து வருவோருக்கே அதன் வழி திறக்கும். உள்ளே, ஆக்கியவர் வாரன் ராபினெட் என்று எழுத்துக்கள்! முதலாளிகளிடம் மூச்சு விடவில்லை. வேலையை விட்டும் போய்விட்டார். 1980-இல் ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகே கம்பெனி விழித்தது.

வேறு நால்வர், டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட், லாரி கேப்ளான், நேருக்கு நேர் நின்று கேட்டனர். பெயரும் வேண்டும், பங்கும் வேண்டும் என்றனர். தலைவர் ரே கசார் தந்த விடையைக் கிரேன் பின்னாளில் சொன்னார்: கேட்ரிட்ஜைப் பூட்டிச் சேர்க்கும் தொழிலாளியைவிட நீங்கள் முக்கியமானவர்கள் அல்லர்!

என்ன சாமர்த்தியம்! பூட்டிச் சேர்க்கும் கை இழிந்த கை என்று யார் சொன்னது? ஓர் உழைப்பாளியை அடிக்க இன்னோர் உழைப்பாளியைத் தடியாக எடுப்பது முதலாளிகளின் பழைய தந்திரம். இருவர் பெயரையும் போடு என்கிறோம் நாம்.

நால்வரும் வெளியேறினர். 1979-இல் ஆக்டிவிஷன் பிறந்தது. ஆக்கியவர் பெயர் அட்டையில் ஏறியது. அட்டாரி வழக்குத் தொடுத்தது, 1982-இல் சமரசம்.

அது அந்தக் காலம் என்பீர்களோ? 2021-இல் வெளிவந்த 'மெட்ராய்ட் டிரெட்' ஆட்டத்தில் உழைத்த சிலர், தங்கள் பெயர் விடுபட்டதென்று குமுறினர். ஆக்கிய ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி மெர்க்குரிஸ்டீம் சொன்ன விளக்கம்: மொத்தப் பணிக்காலத்தில் 25 விழுக்காடேனும் வேலை செய்திருந்தால்தான் பெயர் வருமாம்! அப்படியானால், நான்காண்டு வேலையில் பதினொரு மாதம் கண் விழித்தவர் கணக்கிலேயே இல்லாதவரா? 4 கிலோபைட்டுக்குள் தம் பெயருக்கு இடம் கண்டார் ராபினெட். பல கிகாபைட் கொண்ட ஆட்டத்தில் இன்னும் பத்துப் பெயருக்கு இடம் இல்லையா?