பக்கத்து வீட்டு ஊசி உங்கள் குழந்தையை எப்படிக் காக்கிறது?

“எங்க வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்டாச்சு. அடுத்த வீட்டுல போட்டா என்ன, போடாட்டி நமக்கென்ன?”

தடுப்பூசி பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வரும். சில நோய்களுக்கு இது நியாயமான கேள்விதான். துருப்பிடித்த ஆணி குத்தினால் போடும் டெட்டனஸ் ஊசி, போட்டுக்கொண்டவரை மட்டுமே காக்கும். ஆனால் தட்டம்மை விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒரு வீட்டின் பாதுகாப்பு, தெருவே சேர்ந்து தருவது.

வேப்பிலைக்கு முன்பே வந்துவிடும்

தட்டம்மையை மணல்வாரி என்றும் சொல்வார்கள். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஓர் ஊரில், ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு இதைப் பரப்புவார். அவர் இருமிவிட்டு வெளியேறிய அறையின் காற்றில் வைரஸ் 2 மணி நேரம் வரை தங்கியிருக்கும். ஆளைப் பார்க்கவே வேண்டாம், அவர் இருந்த இடத்துக்குப் போனாலே தொற்றலாம்.

அம்மை போட்டிருக்கும் வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவது நம் ஊர் வழக்கம். அதைப் பார்த்ததும் வெளியாட்கள் உள்ளே வருவதில்லை. நோயாளியைத் தனிமைப்படுத்தும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தட்டம்மை, தடிப்புகள் தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடும். ‘சாதாரண சளிதான்’ என்று குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் நாட்கள் அவை. வேப்பிலை ஏறும்போது வைரஸ் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.

உடலுக்குள் நடக்கும் கூட்டு வேலை

பாதுகாப்பு என்பது கூட்டு வேலை என்பதை உடலே காட்டுகிறது. மூக்கு வழியாகக் கிருமி நுழைந்ததும், அங்கே ரோந்து சுற்றும் சில செல்கள் அதைப் பிடித்து விழுங்குகின்றன. பிடித்ததன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. காய்ச்சலின்போது கழுத்தில் ‘நெறி கட்டியிருக்கு’ என்று சொல்கிறோமே, அந்த இடம்தான்.

அந்தக் கிருமிக்குப் பொருத்தமான டி செல், பி செல் எவை என்ற தேடல் அங்கே நடக்கும். கிடைத்ததும் அவை பல்கிப் பெருகும். பி செல்களிலிருந்து எதிர்ப்புரதங்கள் உருவாகும். முதல் முறை இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். வேலை முடிந்த பிறகு சில செல்கள் நினைவுச் செல்களாகத் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால், இந்த முறை தாமதம் இருக்காது. நோயைத் தராமல் இந்த நினைவை மட்டும் உண்டாக்குவதுதான் தடுப்பூசியின் வேலை.

தட்டம்மை வைரஸின் விபரீதம் இங்கேதான் இருக்கிறது. தன்னைப் பிடிக்க வரும் ரோந்துச் செல்களுக்குள்ளேயே அது புகுந்துகொள்கிறது. தகவல் சொல்லப் போகும் செல்மீதே சவாரி செய்து நிணநீர்க் கணுவை அடைகிறது. அங்கே நினைவுச் செல்களையும் தாக்குகிறது.

விளைவு என்ன? 2019-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசி போடாத 77 நெதர்லாந்துக் குழந்தைகளின் ரத்தத்தை, நோய் வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. தட்டம்மை குணமான பிறகும் நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று குழந்தை மாறி மாறிப் படுப்பதற்கு இது ஒரு காரணம். ‘மணல்வாரிதானே, வந்துட்டுப் போகட்டும்’ என்று விடக்கூடாதது இதனால்தான்.

95 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஒரு நோயாளி 15 பேருக்குப் பரப்பக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், நோய் ஒருவருக்குத்தான் போகும். அப்படியானால் பரவல் பெருகாது. 15-க்கு 14 என்றால் சுமார் 93 சதவீதம். இரண்டு தவணை போட்டாலும் 100-க்கு மூன்று பேருக்குப் பலன் தராமல் போகலாம். அதனால்தான் 95 சதவீதக் குழந்தைகளுக்கு இரண்டு தவணையும் போய்ச்சேர வேண்டும் என்கிறார்கள்.

அது 85 சதவீதமாகக் குறைந்தால்? ‘பத்து சதவீதம்தானே’ என்று தோன்றும். ஆனால் ஒருவர் ஏறக்குறைய மூவருக்குப் பரப்புவார். அடுத்த சுற்றில் ஏழெட்டுப் பேர், அதற்கடுத்த சுற்றில் சுமார் 20 பேர். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வாரம்கூட ஆகாது.

இதில் அகப்படுவது யார்? ஊசி வேண்டாம் என்று மறுத்தவர்கள் மட்டும் இல்லை. இந்தியாவில் முதல் தவணை 9 மாதத்தில்தான் போடப்படுகிறது. அதற்குக் கீழே உள்ள கைக்குழந்தைக்கு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதம் குறைந்துகொண்டே வரும். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுக்கும் சிறுவனுக்கு இந்த ஊசி போட முடியாது, இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது. கர்ப்பிணிகளுக்கும் போடக்கூடாது. இவர்களுக்கு இருக்கும் ஒரே வேலி, சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசி.

சராசரி சொல்லாத செய்தி

ஓர் ஊரில் ஒரே அளவிலான பத்துத் தெருக்கள். ஒன்பது தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டாயிற்று. பத்தாவது தெருவில் பாதிப் பேருக்குத்தான். ஊரின் சராசரி 95 சதவீதம்! அறிக்கையில் எல்லாம் சரி. ஆனால் அந்தப் பத்தாவது தெருவில் நோய் தடையில்லாமல் ஓடும்.

அமெரிக்கா 2000-இல் தட்டம்மையை ஒழித்ததாக அறிவித்த நாடு. 2025 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் கெய்ன்ஸ் கவுன்டியில் பரவல் தொடங்கியது. அங்கே மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சுமார் 82 சதவீதம் பேருக்கே ஊசி முழுமையாகப் போடப்பட்டிருந்தது, மாநில சராசரியோ அதைவிட மிக அதிகம். ஆகஸ்டில் ஓய்வதற்குள் டெக்சாஸில் 762 பேருக்கு நோய் வந்தது. பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்தார்கள். இலங்கையும் 2019-இல் ஒழித்துவிட்டு, 2023-இல் மறுபடி பரவலைச் சந்தித்தது. மும்பையில் 2022-இல் கோவண்டி போன்ற நெரிசலான பகுதிகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டன.

தமிழ்நாட்டுக்கும் அனுபவம் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் பறந்தன. பெற்றோர் பலர் பயந்து பின்வாங்கினார்கள், முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. உடலில் தவறான தகவல் போனால் நோய் எதிர்ப்பு குழம்புவதுபோல ஊரும் குழம்பியது.

இப்போது செய்ய வேண்டியது

இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். இதுதான் அதிகம் விட்டுப்போகக்கூடிய தவணை. வேலை மாறுகிறது, ஊர் மாறுகிறது, தடுப்பூசி அட்டை பழைய வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. விட்டுப்போனால் 5 வயது வரை அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகப் போடலாம். சொந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சிறுவயதில் ஊசி போட்டதா என்று தெரியாத பெண்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஊசிக்குப் பிறகு ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும்.

அரசின் பங்கு இதைவிடப் பெரியது. மாவட்ட சராசரியோடு நின்றுவிடாமல் வார்டு வாரியாகக் கணக்கை வெளியிட வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்பு, புதிதாக வந்த வாடகைக் குடும்பங்கள் என்று எந்தப் பட்டியலிலும் வராதவர்களைத் தேடிப் போக ஆள் வேண்டும். எல்.கே.ஜி. சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழ் கேட்கும் பள்ளிகள் தடுப்பூசி அட்டையையும் கேட்கலாம். இரண்டாம் தவணை விட்டுப்போனது தெரிந்தால், சேர்க்கையை மறுக்காமல் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் போதும். பத்தாவது தெருவைக் கண்டுபிடிக்க அதைவிட எளிய வழி இல்லை.