வாயில்லா உயிரும் நம் வழித்துணையே

பள்ளி விடுமுறையும் பெருநாளும் சேர்ந்து வந்துவிட்டால், நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் மகிழுந்துகள் எறும்புச் சாரையென ஊர்வதைக் காண்கிறோம். தாத்தா பாட்டியைக் காணச் செல்லும் அம்மகிழுந்துகள் சிலவற்றில் வீட்டுப் பூனைகளும் பயணம் செய்கின்றன. அப்பயணம் நமக்கு இன்பம், பூனைக்கோ பெருந்துன்பம். அத்துன்பத்தைத் தணிப்பது வளர்ப்போரின் கடமை என்பதே ஆறாம் ஆண்டு மாணவர்களாகிய எங்களின் கருத்தாகும்.

சென்ற ஆண்டு தீபாவளியின்போது, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பத்தார் கிள்ளானிலிருந்து ஈப்போவுக்குப் புறப்பட்டனர். வழியில் பசிக்குமே என்று பூனைக்கு வயிறு நிறைய மீனும் சோறும் ஊட்டி, ஓர் அட்டைப் பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றினர். அரை மணி நேரத்திற்குள் பூனை ஓயாது கத்தியது. வாயில் எச்சில் ஒழுகியது. பின்னர் வாந்தி எடுத்தது. நனைந்த பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியேறி, வண்டியோட்டிய தந்தையின் காலடியில் புகுந்தது. அவர் பதறாமல் சாலையோரம் நிறுத்தியதால் விபத்து நேரவில்லை. “ஊர் திரும்பியதும் இதனைச் சந்தையில் விட்டுவிடுவோம்” என்று பெரியவர்கள் சினந்துரைக்க, எங்கள் தோழி வழியெல்லாம் அழுதாளாம்.

இதனைக் கேட்டு எங்கள் வகுப்பில் விவாதம் எழுந்தது. வண்டியை அசுத்தப்படுத்தும் பூனையைக் கைவிடுவதில் தவறில்லை என்றனர் சிலர். நாங்கள் அதனை ஏற்கவில்லை. கேமரன் மலைச் சாலையின் வளைவுகளில் நம்முள் எத்தனை பேர் நெகிழிப் பையைத் தேடியிருக்கிறோம்! நம்மை எவரும் சந்தையில் விட்டுவிடவில்லையே!

பூனைக்கு நேர்வதும் அதுவே. உடலின் சமநிலையை உணர்த்தும் உறுப்பு உட்செவியில் இருக்கிறது. கண் காண்பதோ அசையாத பெட்டி. செவி உணர்வதோ ஓட்டமும் வளைவும். இவ்விரண்டும் முரண்படும்போது குமட்டல் உண்டாகிறது. மேலும், பூனை தான் வாழும் இடத்தின் மணத்தையே பெரிதும் நம்பி வாழும் உயிர். பழகிய மணம் மறைந்து, இரைச்சலும் அதிர்வும் சூழ்ந்தால் அஞ்சாமல் என்ன செய்யும்? ஆகவே அதன் கதறல் குறும்பன்று, முறையீடு.

இம்முறையீட்டைத் தீர்க்கும் வழிகள் எளியனவே. முதலாவதாக, உறுதியான கூண்டு வேண்டும். அதனைப் பயண நாளன்று மட்டும் எடுத்தல் கூடாது. சில வாரங்களுக்கு முன்னரே வீட்டில் திறந்து வைத்து, பூனை படுத்துறங்கிய துணியை உள்ளே விரித்து, அங்கேயே உணவிட்டுப் பழக்க வேண்டும். பின்னர், நின்ற வண்டியில் சில நிமிடம், இயந்திரத்தை முடுக்கிச் சில நிமிடம், வீட்டைச் சுற்றி ஒரு சிறு உலா எனப் படிப்படியாகப் பழக்குதல் நன்று.

பயணத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் முன்னரே உணவை நிறுத்திவிட வேண்டும், தண்ணீரை நிறுத்தலாகாது. குட்டிகளுக்கும் நோயுற்ற பூனைகளுக்கும் மருத்துவரைக் கேட்டே இதனைச் செய்தல் வேண்டும். வண்டியில் கூண்டு அசையாதிருக்க வேண்டும். காற்றோட்டம் தடைபடாதவாறு மெல்லிய துணியால் அதனை மூடினால் அச்சம் குறையும். ஓய்வெடுக்க நிறுத்தும்போது கதவுகளைச் சாத்தாமல் கூண்டைத் திறக்கலாகாது. வெயிலில் நிற்கும் வண்டியினுள் அரை மணி நேரத்தில் வெப்பம் 15 பாகைக்கு மேல் உயரக்கூடும். ஆதலால் பூனையைத் தனியே விட்டுச் செல்வது உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்வளவு செய்தும் துன்பம் தீராவிடில், விலங்கு மருத்துவரை நாட வேண்டும். குமட்டலுக்கும் அச்சத்திற்கும் தக்க மருந்துகள் அவரிடம் உண்டு. நம் மருந்தை நாமே கொடுத்தல் பெருந்தவறு. நாம் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாராசிட்டமோல் பூனையின் உயிரையே பறித்துவிடும். ஓரிரு நாள் பயணமாயின், நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வதே சாலச் சிறந்தது.

இதற்கெல்லாம் நேரமேது என்று சிலர் வினவலாம். பெருநாளுக்குப் புத்தாடை எடுக்கவும் பலகாரம் சுடவும் பல நாள் ஒதுக்கும் நமக்கு, ஒரு பூனைக்காக நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குதல் அரிதன்று. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் விலங்கைத் துன்புறுத்துவதைக் குற்றமெனக் கூறுகிறது. திருக்குறளின் அருளுடைமை அதிகாரத்தை நாம் மேடையேறி ஒப்புவித்துப் பரிசு பெறுகிறோம். அவ்வருள் மேடையோடு நின்றுவிடலாமா?

எங்கள் தோழி தன் பெற்றோரிடம் மன்றாடி ஒரு கூண்டு வாங்கச் செய்தாள். மூன்று வாரம் பொறுமையுடன் பழக்கினாள். இவ்வாண்டு விடுமுறையில் அப்பூனை மீண்டும் ஈப்போவுக்குச் சென்றது. தாப்பாவை அடையும் முன் இருமுறை கத்தியதாம். ஆனால் வாந்தி எடுக்கவில்லை. சந்தையைப் பற்றி இப்போது அவ்வீட்டில் எவரும் பேசுவதில்லை.

அன்பு மாணவர்களே, பேச இயலாத உயிருக்காக நாம் பேசுவோம். வாழ்க உயிர்நேயம்!