480 நாளுக்கு முன்பே முடியும் வேலை

2025 ஜூலையில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 3,935 இடங்களுக்கு ஏறத்தாழ 13.9 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். ஆனால் போட்டியில் பட்டதாரிகளும் பொறியியல் முடித்தவர்களும் ஏராளம். இந்த எண்ணிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் பழைய பல்லவி கிளம்பிவிடும்: இளைஞர்களுக்கு அரசு வேலை மோகம், வியர்வை சிந்த மனமில்லை, திறமையும் போதாது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலம் நம்முடையது. அப்படியிருந்தும் 19,500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும் இளநிலை உதவியாளர் பணிக்கு இவ்வளவு கூட்டம் என்றால், ஆலை வேலை எப்படிப்பட்டது என்று அக்கம்பக்கத்தில் பார்த்தும், பலர் தாங்களே செய்தும், கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது.

அந்தக் கணக்கு என்ன? டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்துவிட்டு ஒரகடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ வேலை தேடிப் போகிறவருக்குப் பெரும்பாலும் திறப்பது டிரெயினி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்ற கதவுகள்தான். பர்மனென்ட் ஊழியர் நிற்கும் அதே லைனில், அதே ஷிப்டில், அதே ஸ்க்ரூவை இவரும் முடுக்குவார். ஆனால் சம்பளச் சீட்டில் ஆலையின் பெயர் இருக்காது. ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயர் இருக்கும். ஓராண்டோ சற்றுக் கூடவோ ஆனதும் 'பிரேக்' விடுவார்கள். அடுத்த ஆலையில் மறுபடியும் டிரெயினி. நான்கு ஆலைகளில் வேலை பார்த்த பிறகும் கையில் மிஞ்சுவது ஏஜென்சிகளின் சான்றிதழ்கள். எந்த இயந்திரத்தை ஓட்டினார், எந்தத் தரச் சோதனையைச் செய்தார் என்று அவற்றில் ஒரு வரி இருந்தாலே பெரிது. இது எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் நடப்பதல்ல. நாடு முழுவதும் பதிவுபெற்ற ஆலைகளின் தொழிலாளர்களில் சுமார் 10 பேருக்கு 4 பேர் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். வேளாண்மைக்கு வெளியே மாதச் சம்பளம் வாங்குவோரிலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் எழுத்துபூர்வமான வேலை ஒப்பந்தம் கிடையாது.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் நாட்களை எண்ணுவது யார் பெயரில் என்பதில் ஓட்டை விழுந்துவிட்டது. ஏஜென்சி மாறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. டிரெயினி என்று எழுதிவிட்டால் எண்ணிக்கையே இல்லை. 480 நாளுக்கு முன்பே ஆளை மாற்றிவிடுவது பல இடங்களில் மனிதவளத் துறையின் வழக்கமான வேலையாகிவிட்டது.

தொழில்முனைவோர் தரப்பில் சொல்லப்படும் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. ஆர்டர் ஏறி இறங்கும். மொபைல் உற்பத்தியில் பண்டிகைக் கால அவசரம் வேறு. கெடுபிடி அதிகமானால் முதலீடு ஆந்திரத்துக்கோ வியட்நாமுக்கோ போகும். உண்மைதான். சீசனுக்கு வரும் கூடுதல் வேலைக்குத் தற்காலிக ஆட்களை எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் வருடம் முழுக்க ஓடும் லைனில், ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பதற்கு ஆர்டரைக் காரணம் காட்ட முடியாது. 'நிரந்தரம் என்பதே மாயை, 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையே மூடப்படவில்லையா' என்றும் கேட்பார்கள். மூடப்பட்டதுதான். அங்கே ஆயிரக்கணக்கான நிரந்தரத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஒரு தொகையாவது வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஏஜென்சி அனுப்பிய ஆளுக்கு ஆலை மூட வேண்டியதே இல்லை. மறுநாள் கேட் பாஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான்.

திறன் பயிற்சி பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், பல கோடி ரூபாய் செலவில் அரசு ஐடிஐகளை நவீனப்படுத்திய முயற்சியும் வரவேற்க வேண்டியவை. ஆனால் ஓராண்டில் அனுப்பிவிடப் போகும் ஆளுக்குப் புது இயந்திரத்தைக் கற்றுக்கொடுக்க எந்த நிறுவனம் மெனக்கெடும்? திறன் பற்றாக்குறை என்று புலம்பும் ஆலையே அதை உண்டாக்கவும் செய்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்த கால வேலையில் சேர்ந்தவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை கொடுக்கச் சொல்கின்றன. நல்ல முன்னேற்றம். ஆனால் ஒப்பந்தத்தை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்று வரம்பு வைக்கவில்லை. வேலை நிரந்தரத் தன்மை கொண்டது, ஆள் மட்டும் தற்காலிகம் என்ற முரண்பாடு அப்படியே இருக்கிறது.

ஆகவே ஏஜென்சியின் பெயரை வைத்து எண்ணுவதை விட்டுவிட்டு, வேலை நடக்கும் இடத்தை வைத்து 480 நாளை எண்ண வேண்டும் என்று 1981 சட்டத்தைத் திருத்துவதுதான் முதல் தேவை. பிஎஃப் கணக்கில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரே யுஏஎன் எண் இருக்கிறது. மாதந்தோறும் செலுத்தும் தொகையோடு எந்த ஆலையில் வேலை செய்தார் என்பதையும் கட்டாயம் குறிக்கச் சொன்னால் போதும். ஆனால் இதைத் தனியாரிடம் கேட்கும் தகுதியை அரசும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தது தனியார்மயத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும்தான். நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். குப்பை அள்ளுவது சீசன் வேலை என்று யாராலும் வாதிட முடியாது. சட்டத் திருத்தம் வருமானால், அதன் முதல் பட்டியலில் மாநகராட்சிகளும் அரசு மருத்துவமனைகளும் இருக்கட்டும்.