வரிவிலக்கு வேண்டுமா? வேலைப் பட்டியலைக் காட்டு!

அமெரிக்காவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் ஒரு கிறித்தவ நிறுவனம். இனம் மாறிக் காதலிக்கவோ மணக்கவோ கூடாது என மாணவர்களுக்கு விதி வைத்து, அதற்கு வேதத்தைக் காரணம் காட்டியது. அந்நாட்டு வருமான வரித்துறை 1976இல் அதன் வரிவிலக்கைப் பறித்தது. 1983இல் உச்ச நீதிமன்றமும் அது சரியே என்றது. ஒரு நிறுவனத்துக்கு வரிவிலக்கு தந்தால், வரி கட்டும் மற்ற எல்லோரும் அதற்கு மறைமுக நன்கொடையாளர்கள் ஆகிறார்கள் என்றது தீர்ப்பு.

இந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம் தோழர்களே. மடங்களும் சபைகளும் அறக்கட்டளை வைத்து நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு இங்கும் வருமான வரிவிலக்கு உண்டு. சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியோ ஜிஎஸ்டி கட்டாமல் கடையைத் தாண்ட முடியாது. ஆக, நாமும் நன்கொடையாளர்கள்தான். ஆனால் தனியார் பல்கலைக்கழக ஆசிரியர் பணியில் இடஒதுக்கீடு கட்டாயமில்லை. சிறுபான்மை நிறுவனம் என்றால், அரசு உதவி பெற்றாலும் கட்டாயமில்லை. துடைப்பம் பிடிக்க நம் தெருவுக்கு ஆள் தேடி வருகிறவர்கள், பாடம் நடத்த என்றால் 'தகுதி' பேசுகிறார்கள்.

'மத உரிமையில் கை வைக்காதே' என்பார்கள். சிறுபான்மையினர் உரிமைக்கு நாம் எதிரிகள் அல்ல. தலித் கிறித்தவரை 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சபையின் கல்லூரியும் வெளியே நிறுத்தினால் அவர் எங்கே போவார்?

வரிவிலக்கு பெறும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், பேராசிரியர் முதல் தூய்மைப் பணியாளர் வரை எந்தப் பணியில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மறுத்தால் விலக்கை ரத்து செய்ய வேண்டும். இதை முதலில் நாம் படிக்கும் கல்லூரியிலேயே கேட்போம்.